ஏழு பேர் போதும், தங்கவயலில்

தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பொழுது விடியும் முன்பே பெங்களூரு ரயில் நிரம்பிவிடும். செக்யூரிட்டி சட்டையை மடித்துப் பைக்குள் வைத்திருப்பவர்கள், ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்கள், கால் சென்டருக்குப் போகிற பிள்ளைகள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இவர்களில் பலர் போய் நிற்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில். அங்கே லிஃப்ட் நின்றால் அசோசியேஷனுக்கு ஒரு போன். கழிவுநீர் தேங்கினால் அன்றைக்கே மோட்டார் வரும். மெயின்டனன்ஸ் கட்டாதவர் பெயர் பலகையில் ஏறும். ராத்திரி அதே ரயிலில் திரும்பி வந்தால், சொந்த வாசலில் காலையில் பார்த்த சாக்கடை அப்படியே நிற்கும்.

குடியிருப்போர் சங்கங்களைப் பற்றி எழுதச் சொன்னபோது ஆசிரியர் குழுவின் மனதில் இருந்தது பெங்களூரு. எனக்கு நினைவுக்கு வந்தது கோலார் தங்கவயல்.

தங்கவயலில் சங்கம் என்றால் தொழிற்சங்கம்தான். தெருவைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு சங்கம் வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை, சுரங்கக் கம்பெனி இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களை முதலில் மூங்கில் தட்டிக் குடிசைகளில் வைத்தது கம்பெனி. பிறகு வரிசை வரிசையாக லைன் வீடுகள் கட்டியதும் அதுதான். சிவனசமுத்திரத்திலிருந்து 1902லேயே மின்சாரம் வந்தது, பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீர் வந்தது. பெங்களூருக்கே மின்விளக்கு வராத காலம் அது. சுண்ணாம்பு அடிப்பது, சாக்கடை வாருவது, குழாயை மாற்றுவது எல்லாமே கம்பெனி வேலை. துரைகள் பங்களாவுக்குக் கிடைத்த கவனிப்பு லைனுக்குக் கிடைத்ததா என்பது வேறு கதை. கழிப்பறை விஷயத்தில் நிச்சயம் கிடைக்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, வீடு போகவில்லை. அந்த வீடு யாருடையது என்பதுதான் பல லைன்களில் இன்றுவரை முடியாத பேச்சு.

லைன் வீடு ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். குனிந்துதான் போக வேண்டும். தரையில் பளபளக்கும் டைல்ஸ், சுவரில் ரோஜா நிற டிஸ்டெம்பர், மூலையில் பெரிய டிவி. வெளியே வந்து அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். காரை உதிர்ந்து செங்கல் தெரியும், விரிசலுக்குள் செடி முளைத்திருக்கும். உள்பக்கம் என்னுடையது, வெளிப்பக்கம் கம்பெனியுடையது என்ற கணக்கு கம்பெனி போய் இருபது வருடத்துக்கு மேலாகியும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுவர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. பூசினால் யார் காசு? பூசி முடித்ததும் காலி செய்யச் சொன்னால்?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அம்மன் திருவிழா வந்தால் அதே லைனில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கிறது, இளைஞர்கள் சாக்கடையில் இறங்குகிறார்கள், தெரு முழுக்க சீரியல் பல்பு எரிகிறது. கோயில் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை, அதனால் அதற்குக் கமிட்டி இருக்கிறது. வீட்டுக்குத்தான் இல்லை. கர்நாடகாவின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1972ஆம் வருடத்துச் சட்டம். தங்கவயலில் பொதுத்துறை நிறுவனம் வந்ததும் அதே 1972. பெங்களூருவில் ஃபிளாட் வாங்கியவனை உரிமையாளன் என்று சட்டம் எழுதியது; இங்கே தொழிலாளிக்கு முதலாளி மட்டும் மாறினார்.

லைன் வீடுகளுக்குப் பட்டா கொடுத்தால் மறுவாரமே பெங்களூரு புரோக்கர்கள் வந்து மொத்த லைனையும் வளைத்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நடக்கலாம். பெங்களூரு கோரமங்களாவில் ஃபிளாட்டை விற்பவனை யாரும் அப்படித் தடுப்பதில்லை.

இதையெல்லாம் இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் சாக்கடை அல்ல, அந்த மலைகள். சினிமாக்காரர்கள் படம் பிடிக்கும், வெளியூர்க்காரர்கள் செல்ஃபி எடுக்கும் சயனைடு மலைகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. காற்றுக் காலத்தில் அந்த மாவு கிளம்பி லைனுக்குள் வரும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துணியைச் செருகி, தண்ணீர்க் குடத்தைத் தட்டு போட்டு மூடுவார்கள். அப்படியும் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டில் விரலை வைத்து இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும்.

அந்த மண்ணில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். 13 மேடுகள், சுமார் 1,003 ஏக்கர், ஏறத்தாழ 3.3 கோடி டன். அதைத் தோண்டும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. வேலை வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. வரட்டும். ஆனால் நூறு வருடமாக மழையில் இறுகிக் கிடக்கும் மேட்டை மண்வாரி எந்திரம் கிளறினால் அந்தத் தூசி எங்கே போகும்? லாரி எந்தத் தெரு வழியாகப் போகும்? கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் யாரும் எழுந்து பேசலாம். மாற்று வீடு, இழப்பீடு என்று பேச்சு நகரும்போதுதான் காகிதம் கேட்பார்கள். மலையடியில் இருக்கிற லைன்காரரிடம் அப்போது என்ன இருக்கும்?

கூடங்குளத்து அணுக்கழிவு தங்கவயல் சுரங்கத்துக்கு வரப்போகிறது என்ற செய்தி 2012இல் கிளம்பியபோது ஊர் கடையடைத்துத் தெருவில் இறங்கியது. ஒன்று சேரத் தெரியாத ஊரல்ல. ஆனால் அது ஒரு நாள் கோபம். இந்த மேடுகளைத் தோண்டும் வேலை வருடக்கணக்கில் நடக்கும். தினமும் லாரி எண்ணவும் மனு எழுதவும் பதில் வராவிட்டால் மறுபடி எழுதவும் ஆள் வேண்டும்.

உரிமையாளர் சங்கத்துக்குத்தான் பத்திரம் வேண்டும். சாதாரணச் சங்கத்தைப் பதிவு செய்ய 1960ஆம் வருடத்துக் கர்நாடகச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஒரு லைனில் ஏழு பேர் கிடைக்க மாட்டார்களா?

தங்கவயலில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவின் வேலைச் சான்று, பழைய கரன்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து இரண்டு செட் ஜெராக்ஸ் போடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.