நூற்றாண்டு கடந்த தோட்டா

மின்சார அரைப்பான் வந்த பின்னரும் அம்மியைக் கைவிட மனம் வராத வீடுகள் நம்மிடையே உண்டு. அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே அவ்வாறு கைவிடப்படாத பொருள் ஒன்று உளது. ‘முப்பது-முப்பது’ என்னும் றைபிள் தோட்டாவே அது. 1895ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தோட்டா இன்றும் அந்நாட்டுக் கடைகளிலே விற்பனையாகின்றது. அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் யாது?

தோட்டா என்பது வெறும் குண்டு அன்று. பித்தளைக் கூடு, அதன் அடியிலே தட்டியதும் தீப்பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே மருந்து, வாயிலே குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டாவாகும். முற்காலத்திலே அதனுள் இட்டது கரிமருந்து. ஒரு வெடி தீர்த்ததும் எழும் புகை வேட்டைக்காரனின் கண்ணை மறைத்துவிடும். 1884இல் பிரான்சிலே புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. வின்செஸ்டர் கம்பனி அவ்வகை மருந்தைக் கொண்டு, ஜோன் பிரௌனிங் என்பார் வகுத்த 1894ஆம் ஆண்டு மாதிரி றைபிளுக்கென இத்தோட்டாவை ஆக்கியது. பெயரிலுள்ள முதல் முப்பது, துவக்குக் குழாயின் உள்விட்டம் ஓர் அங்குலத்தின் நூறில் முப்பது பங்கு என்பதைக் குறிக்கும். அடுத்த முப்பது, தொடக்கத்தில் இட்ட மருந்தின் நிறையாகிய 30 கிறேனை, அதாவது ஏறத்தாழ 2 கிராமைக் குறிக்கும்.

அதன்பின் வல்லமை மிக்க தோட்டாக்கள் பல பிறந்துவிட்டன. 1963இல் வந்த ‘முந்நூறு வின்செஸ்டர் மக்னம்’ 180 கிறேன் குண்டைச் செக்கனுக்கு ஏறத்தாழ 2,950 அடி வேகத்தில் செலுத்தும். முப்பது-முப்பதின் 170 கிறேன் குண்டோ ஏறத்தாழ 2,200 அடி வேகமே கொண்டது. எண்களை மட்டும் நோக்கினால் பழையது என்றோ மறைந்திருக்க வேண்டும்.

ஆனால், வடகிழக்கு அமெரிக்காவின் அடர்ந்த காடுகளிலே வெண்வால் மான் பெரும்பாலும் 100 யாருக்கு உட்பட்ட தொலைவிலேதான் கண்ணிற்படும். அத்தொலைவுக்குப் பழைய தோட்டாவின் வலிமை போதும். மேலும், பெரிய தோட்டாவைச் சுடுகையில் துவக்கு தோளிலே கொடுக்கும் உதை இரு மடங்குக்கும் அதிகம். அவ்வுதைக்கு அஞ்சுபவன் விசையை அழுத்தும் கணத்திலே தன்னையறியாது கண்ணை மூடிவிடுகிறான், குறி தவறுகிறது. தவறினால் வெட்கம் அவனுக்கு, வேதனை மானுக்கு. வயிற்றிலே காயம்பட்டு ஓடும் மான் புதரிலே மணிக்கணக்காகத் துடித்தே உயிர்விடும்.

இத்தோட்டாவுக்குக் குறையும் உண்டு. துவக்கின் கீழ்க்குழாயிலே தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். குண்டின் முனை கூராக இருந்தால், அது முன்னுள்ள தோட்டாவின் கேப்பை இடித்து வெடிக்கச் செய்யலாம். அதனால் முனையைத் தட்டையாக்கினர். தட்டை முனை காற்றிலே விரைவில் வேகம் இழக்கும். 100 யாருக்குக் குறி அமைத்த துவக்கிலே, 200 யாரில் குண்டு அரை அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். எனவே இதனை ஏந்துபவன் மானை ஓசையின்றி அணுகப் பழகவேண்டும். அணுக இயலாவிடின் சுடாது திரும்பவும் பழகவேண்டும். அந்தக் குறையே அவனுக்கு ஆசானாகி நிற்கின்றது.

காலமாற்றம் இதனையும் விடவில்லை. 2006இல் அமெரிக்காவிலே நின்றுபோன 1894 மாதிரி றைபிளின் உற்பத்தி, 2010இல் ஜப்பானிலே மீண்டும் தொடங்கியது. ஈயக்குண்டு பட்டு இறந்த விலங்கை உண்ணும் கொண்டோர் கழுகுகள் நஞ்சேறி மடிவதால், கலிபோர்னியா மாநிலம் 2019 யூலை முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றாகத் தடைசெய்தது. இன்று அதே பழைய கூட்டிலே செப்புக்குண்டு பொருத்தியும் விற்கிறார்கள்.

உயிர்க்கொலையை வெறுப்போர் நம் வாசகரிடையே பலர் இருப்பர். அவர்களுடன் நாம் வாதிட வரவில்லை. ஆயினும், துவக்கை ஏந்தியவன் எவ்வளவு தூரம் சுடலாம் என்பதை விட, எங்கே சுடாது நிற்கவேண்டும் என்பதை அறிந்திருத்தல் நன்று என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். அதனைக் கற்பிக்கும் வரை இப்பழைய தோட்டாவுக்கு வேட்டைக்காரனின் பையிலே இடமிருக்கும்.