கணினித் தட்டுகளைப் படியெடுத்தலும் விரித்தலும்

ஓலைச்சுவடிகள் செல்லரித்துச் சிதையத் தொடங்கியபொழுது, அவற்றிலுள்ள நூல்களைப் புதிய ஏடுகளிற் பெயர்த்தெழுதிக் காத்தல் முன்னோர் வழக்கம். பெயர்த்தெழுதியவரின் கையெழுத்தும் ஓலையின் அளவும் வேறுபட்டமையால், மூலம் எது, படி எது என்னும் ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. கணினியின் வன்தட்டினைப் பிறிதொரு தட்டிற் படியெடுக்குமிடத்தோ நிலைமை வேறாகின்றது. அங்கே படியானது மூலத்தின் உள்ளடக்கத்தை மாத்திரமன்றி, அதன் பெயரையும் அடையாளத்தையும் ஒருங்கே பெற்றுவிடுகின்றது. இவ்வொப்புமையே படியின் சிறப்பு. அதனால் விளையும் இடரும் அதுவே. இவ்விடர் நீங்குமாறும், படியெடுத்த தட்டின் எல்லையை விரிக்குமாறும் தொகுதி முகாமைத்துவ மென்பொருள் துணைசெய்யும் முறை ஈண்டு ஆராயப்படும்.

முற்காலத்தில் ஒரு வன்தட்டு, வேலியடைத்த காணித்துண்டுகள் போலப் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒரு பிரிவு நிரம்பியவிடத்து, அயற்பிரிவு வெறுமையாய்க் கிடப்பினும் அதனைப் பயன்படுத்தல் எளிதாக இருக்கவில்லை. இக்குறையை நீக்க எழுந்ததே தொகுதி முகாமைத்துவம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ்., எச்.பி. நிறுவனத்தின் எச்.பி.-யூ.எக்ஸ். ஆகிய பணிசெயல் முறைமைகளில் இது முன்னரே இடம்பெற்றது. 1998 ஆம் ஆண்டில் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் என்பார், எச்.பி.-யூ.எக்ஸ். முறைமையின் அமைப்பைத் தழுவி, லினக்ஸ் முறைமைக்கு இத்தகைய மென்பொருளை இயற்றினார். எல்.வி.எம். என இன்று வழங்குவது அதன் வழிவந்ததாகும்.

எல்.வி.எம். அமைப்பு மூன்று படிநிலைகளை உடையது. வன்தட்டோ, அதன் பிரிவோ முதலிற் பௌதிகத் தொகுதியாக ஆக்கப்படும். பௌதிகத் தொகுதிகள் பல சேர்ந்து தொகுதிக் குழு ஆகும். அக்குழுவின் பொதுவான இடத்திலிருந்து வேண்டிய அளவு பகிர்ந்தளிக்கப்படுவது தருக்கத் தொகுதி. அதன்மேலேயே கோப்புகளைத் தாங்கும் கோப்பு முறைமை அமைகின்றது. பகிர்வுக்குரிய சிற்றளவு ‘கூறு’ எனப்படும். வேறு விதிக்கப்படாதவிடத்து ஒரு கூறு 4 மெகாபைற்று. 1 கிகாபைற்றை 1024 மெகாபைற்றாகக் கொள்ளின், 500 கிகாபைற்றுத் தட்டு ஏறத்தாழ 128,000 கூறுகளைத் தரும். தருக்கத் தொகுதி என்பது, எக்கூறு எத்தட்டில் உள்ளது என்னும் பட்டியலேயன்றி வேறன்று. ஆதலின், கூறுகளைச் சேர்த்து அதனைப் பெருக்குதலும், ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதலும் இயல்கின்றன.

இனி, அடையாளம் பற்றி நோக்குவாம். ஒவ்வொரு பௌதிகத் தொகுதியின் தொடக்கத்திலும் எழுத்தும் இலக்கமுமாய் 32 குறிகள் கொண்ட தனியடையாளம் ஒன்று பொறிக்கப்படும். தொகுதிக் குழுவுக்கும் அவ்வாறே தனியடையாளம் உண்டு. மென்பொருள் தட்டுகளை இனங்காண்பது அவை பொருத்தப்பட்ட இடத்தைக் கொண்டன்று, இவ்வடையாளத்தைக் கொண்டேயாம். தட்டினை இடம்மாற்றிப் பொருத்தினும் குழு குலையாதிருத்தற்குக் காரணம் இதுவே.

ஆயின், பிற்று முறையிற் படியெடுத்த தட்டும் மூலத்தட்டும் ஒரே கணினியில் ஒருங்கே பொருத்தப்படின் யாது நிகழும்? ஒரே அடையாளமுடைய பொருள்கள் இரண்டாகத் தோன்றும். அவை உண்மையில் ஒரே தட்டிற்குச் செல்லும் இரு வழிகளாயின் தீங்கு மிகுதியாக இல்லை. இரண்டும் வேறு தட்டுகளாயின், பழைய தட்டினைப் புதியதென மயங்கி அதில் எழுதவும், இரண்டின் உள்ளடக்கமும் முரண்படவும் இடமுண்டு. இதனை அஞ்சியே அண்மைக்கால எல்.வி.எம்., இரட்டை அடையாளம் காணப்படும்வரை அக்குழுவில் மாற்றஞ் செய்யவும் அதன் தருக்கத் தொகுதிகளை இயக்கவும் மறுக்கின்றது. அம்மறுப்பினை வெறுந் தடையெனக் கருதி நீக்க முயல்வோர், தம் தரவுகளைத் தாமே இழக்க வழிசெய்தோராவர்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. மூலத்தட்டு இனி வேண்டப்படாதாயின், கணினியை நிறுத்தி, அதனைக் கழற்றியபின் புதிய தட்டோடு மாத்திரம் தொடங்குதல் ஒன்று. இரண்டும் ஒருங்கே வேண்டப்படின், படிக்குப் புதிய பெயர் சூட்டுதல் மற்றொன்று. ‘விஜி இம்போட் குளோன்’ என்னும் கட்டளை, படியின் பௌதிகத் தொகுதிகளுக்கும் குழுவுக்கும் புதிய அடையாளங்களையும், குழுவுக்கு வேறொரு பெயரையும் வழங்கும். ஒரு குழு பல தட்டுகளிற் பரந்திருப்பின், அவற்றின் படிகள் அனைத்தையும் அக்கட்டளைக்கு ஒருசேரக் காட்டல் வேண்டும். ஆயினும், உள்ளிருக்கும் கோப்பு முறைமையின் அடையாளத்தை இக்கட்டளை மாற்றுவதில்லை. எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமை, தன் அடையாளமுடைய மற்றொன்று இணைக்கப்பட்டிருக்கும்போது தான் இணைய மறுக்கும். ஈ.எக்ஸ்.ரி.4 மறுக்காது, கணினி தொடங்குங்கால் அடையாளத்தைக் கொண்டு தேடி, தவறான ஒன்றை இணைத்தலுங் கூடும். ஆதலின் அவ்வடையாளத்தையும் தனியே மாற்றுதல் நன்று.

அடுத்து, எல்லையை விரித்தல். 500 கிகாபைற்றுத் தட்டினை இருமடங்கு பெரிய தட்டிற் படியெடுத்தாலும், கணினி பழைய அளவையே காட்டும். காணியின் உறுதியிற் பழைய எல்லையே எழுதப்பட்டிருத்தலை இஃது ஒக்கும். எல்லைகள் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்தமையால், விரித்தல் புறத்திருந்து அகம் நோக்கி நிகழ்தல் வேண்டும். முதலில் தட்டின் பிரிவு அட்டவணை திருத்தப்படும். ஜி.பி.ரி. வகை அட்டவணையின் காப்புப்படி தட்டின் இறுதியில் இருப்பது. படியெடுத்தபின் அது புதிய தட்டின் நடுவே கிடக்கும். அதனை உண்மையான இறுதிக்குப் பெயர்த்தபின் பிரிவினை நீட்டல் வேண்டும். இரண்டாவதாக, ‘பிவி ரீசைஸ்’ என்னுங் கட்டளையாற் பௌதிகத் தொகுதி விரியும். குழுவிலும் புதிய கூறுகள் தோன்றும். மூன்றாவதாகத் தருக்கத் தொகுதியும், இறுதியாகக் கோப்பு முறைமையும் விரிக்கப்படும். ஈ.எக்ஸ்.ரி.4, எக்ஸ்.எஃப்.எஸ். இரண்டும் பயன்பாட்டில் இருக்கும்போதே விரிக்கத்தக்கன.

சுருக்குதற்கோ இம்முறை தலைகீழாகும். அகத்திருந்து புறம் நோக்கிச் செல்லல் வேண்டும். கோப்பு முறைமையை முதலிற் சுருக்காது, அதனைத் தாங்கும் தருக்கத் தொகுதியை வெட்டுவோர் கோப்புகளையே வெட்டியவராவர். ஈ.எக்ஸ்.ரி.4 முறைமையைச் சுருக்குமுன் அதனை இணைப்பினின்று நீக்கிப் பிழைநோக்கல் இன்றியமையாதது. எக்ஸ்.எஃப்.எஸ். நடைமுறையிற் சுருக்குதற்கு ஏற்றதன்று. அதிலுள்ளவற்றை வேறிடத்துக்குப் பெயர்த்து, சிறிதாகப் புதிதமைத்தலே வழி. விரித்தலிற் பிழைத்தவர்க்குப் பெரும்பாலும் காலமே வீணாகும். சுருக்குதலிற் பிழைத்தவர்க்குத் தரவே அழியும்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஒரு வினா எழும்: எல்.வி.எம். உள்ளவிடத்துப் படியெடுத்தல்தான் வேண்டுமோ? தட்டினை மாற்றுதலே நோக்கமாயின், பெரும்பாலும் வேண்டுவதில்லை. புதிய தட்டினைப் பௌதிகத் தொகுதியாக்கிக் குழுவிற் சேர்த்து, ‘பிவி மூவ்’ என்னுங் கட்டளையாற் கூறுகளைப் பெயர்த்து, பழைய தட்டினைக் குழுவினின்று விலக்கலாம். இடையே மின்சாரம் தடைப்படினும், விட்டவிடத்திலிருந்து பணி தொடரும். புதிய தட்டு தனக்குரிய அடையாளத்தோடு வருதலின் பெயர் மயக்கமும் இல்லை. கணினியைத் தொடக்கும் பிரிவு எல்.வி.எம். அமைப்புக்குப் புறம்பாயின், அதனை மாத்திரம் தனியே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

எம்முறையைக் கையாளினும், தொடங்குமுன் தரவுகளின் காப்புப்படியொன்றைக் கணினிக்குப் புறத்தே வைத்திருத்தலும், புதிய தட்டிலிருந்து கோப்புகள் திறக்கின்றனவா எனப் பார்த்தறியும்வரை பழைய தட்டினை அழியாதிருத்தலும் கடன். கல்விக்கூடமொன்றின் புள்ளிப்பதிவுகளும், நூலகமொன்றின் பட்டியலும் இன்று இத்தகைய தட்டுகளிலேயே தங்கியுள்ளன. கட்டளைகளை மறந்தோர் கையேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். படிக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதையும், விரித்தல் புறத்திருந்தும் சுருக்குதல் அகத்திருந்தும் தொடங்கும் என்பதையும் மறந்தோர்க்கோ, அவற்றை நினைவூட்டும் கையேடு கைக்கு வருமுன்னரே இழப்பு நேர்ந்துவிடும்.