சோபாவின் விலையில் சேராத உப்பு

தோல் சோபா வாங்கப் போகிறவர்கள் அது அசல் தோலா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்று விசாரிக்கிறார்கள். அதைப் பதனிட்ட தண்ணீர் எங்கே போனது என்று விசாரிப்பதில்லை. பொறுப்பான தோல் எது என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. திண்டுக்கல் இதற்குச் சாட்சி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் மரபுக்குப் பேர்பெற்ற ஊர் அது. அந்த மரபில் வந்த 'ஈஸ்ட் இந்தியா லெதர்' புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதே திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களை ஒரு தன்னார்வ அமைப்பு ஆராய்ந்தபோது, 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. தோல் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது.

குரோமியத்தால் பதனிடுவதை விட்டுவிட்டு மரப்பட்டைக்குத் திரும்பினால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் தோல் கெடாமலிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீத உப்பைத் தடவித்தான் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் கரைகிறது. பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்கின்றன. பட்டையா, குரோமியமா என்ற கேள்வி எழுவது இதற்கெல்லாம் பின்புதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மற்ற அழுக்கைப் பெருமளவு குறைத்தாலும், வழக்கமான முறைகளுக்கு உப்பு அகப்படுவதில்லை. அதைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் வேண்டும். அவற்றுக்குச் செலவு அதிகம்.

ஆகவே உப்பைத் தொடக்கத்திலேயே குறைப்பதுதான் விவேகம். கைத்திறன் பலன் தருவதும் அந்தத் தொடக்கத்தில்தான். கத்திக் கீறல் விழாமல் உரிப்பது, குளிரூட்டி விரைவாகக் கொண்டுசேர்ப்பது, ஊறப்போடும் முன் உப்பை உதறித் தனியே எடுப்பது, எல்லாமே தொழில் நேர்த்திதான். சோபாவுக்கான மாட்டுத்தோலில் கத்திக் கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் இருந்தால், மேற்பரப்பைத் தேய்த்துக் கனமான பூச்சால் மறைக்கிறார்கள். உரிக்கும்போதே கவனம் இருந்தால் கீறல் விழாது; இயல்பான தழும்பை வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் பூச்சும் குறையும்.

இதெல்லாம் சிறு முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகாது, தொழிலாளர் வேலையிழப்பார்கள் என்பது நியாயமான கவலை. ஆனால் அந்தச் செலவு இதுவரையும் இல்லாமல் இருக்கவில்லை. கிணற்றையும் வயலையும் இழந்த உழவர்கள் அதைச் சுமந்தார்கள். மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 தீர்ப்பு வலியுறுத்தியது இதனால்தான். தோலையே ஒதுக்கிவிடலாம் என்றால், இறைச்சிக்காக அறுக்கும் விலங்கின் தோல் கழிவாகக் குவியும். மாற்றாக விற்கும் செயற்கைத் தோலோ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். தோலை மலிவாகக் கேட்கும் பெரிய நிறுவனங்கள் சுத்திகரிப்புச் செலவையும் கொள்முதல் விலையில் சேர்த்துத் தர வேண்டும். தண்ணீர்க் கணக்கைக் காட்டும் தொழிற்சாலைக்கே ஆர்டர் என்று அவை உறுதியாக நின்றால், திண்டுக்கல் தொழிலாளியின் வேலையும் உழவரின் கிணறும் ஒன்றுக்கொன்று எதிரியாக இருக்க வேண்டியதில்லை.