கீசருக்குள் ஒரு காவல்காரன்!
ஆனைமலை வட்டாரத்தில் மார்கழிக் குளிர் வந்தால் கீசருக்கு ஓய்வே இல்லை. சின்ன கீசருக்குள் ஒரு சிறிய சுவிட்சு காவல் இருக்கிறது. பெயர் "தெர்மோஸ்டாட்".

அதற்குள், வெவ்வேறு அளவில் விரியும் 2 உலோகங்களை ஒட்டிய குழிவான தகடு இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர் ஜான் ஹாரிசன் கடிகாரத்துக்காகக் கண்டுபிடித்த உத்தி!

சூடு குறித்த அளவை எட்டியதும் தகடு "டக்" என்று மறுபக்கம் புரளும். கரண்டு "கட்"! மெதுவாக வளைந்தால் தீப்பொறி பறந்து முனைகள் கருகிவிடும். அதற்காகத்தான் இந்தக் குழிவு.

இது பழுதானால் காப்பாற்றத் தனியாக "கட்-அவுட்" உண்டு.

"கட்-அவுட் போச்சுங்க, ஒயரை டைரக்டா குடுத்துரலாமுங்க" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டும் மக்கர் செய்தால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் தொட்டி வெடிக்கும்!

புது கட்-அவுட் சின்னச் செலவுதான். உயிர் அப்படி அல்ல.