காசநோய்க் கிருமியைத் திரையில் பார்க்கலாம்

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் ஜீனோம் முழுவதையும் விஞ்ஞானிகள் 1998ல் படித்து வெளியிட்டனர். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள். அவை 44 லட்சத்திற்கும் மேல் வரிசையாக நீள்கின்றன. இது சாதாரண டெக்ஸ்ட் பைலாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நோட்பேடில் திறந்தால் தலை சுற்றும். இதைப் படமாக்கிக் காட்டும் இலவச சாப்ட்வேர்தான் ஆர்ட்டெமிஸ். இங்கிலாந்தின் சாங்கர் இன்ஸ்டிடியூட் உருவாக்கியது. விண்டோஸிலும் இயங்கும், கம்ப்யூட்டரில் ஜாவா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்.சி.பி.ஐ. தளத்தில் இந்த பாக்டீரியாவின் ஹெச்37ஆர்வி என்ற ரகத்தைத் தேடி, முழு ஜென்பேங்க் பைலை சேவ் செய்திடவும். ஆர்ட்டெமிஸில் பைல் மெனு மூலம் அதைத் திறக்கவும். வலது ஓரத்தில் உள்ள ஸ்க்ரோல் பாரை இழுத்தால் பக்கம் நகராது. படம் பெரிதாகும், சிறிதாகும். புதியவர்கள் பலரும் இதில்தான் குழம்புவார்கள்.

மேலே ஆறு பட்டைகளில் செங்குத்தான கறுப்புக் கோடுகள் தெரியும். ஜீனை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்க வேண்டும். எந்த எழுத்தில் தொடங்குவது என்பதில் மூன்று வழிகள், டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள். ஆக ஆறு. மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 64ல் மூன்று மட்டும் "இங்கே நிறுத்து" என்று பொருள்படும். அவைதான் அந்தக் கோடுகள். கோடே இல்லாமல் நீண்ட வெற்றிடம் இருந்தால் அங்கே ஜீன் இருக்கலாம். "இருக்கலாம்" என்பதைக் கவனிக்கவும். இந்தக் கிருமியில் ஜி, சி எழுத்துகள் அதிகம் என்பதால், நிறுத்தக் கோடுகள் இயல்பாகவே குறைவு. வெற்றிடம் எல்லாம் ஜீன் அல்ல.

இனி கோ டு மெனுவில் நேவிகேட்டரைத் திறந்து, 761155 என்ற எழுத்து எண்ணுக்குச் செல்லவும். கீழ் விண்டோவில் டி-சி-ஜி என்ற மூன்றெழுத்தின் நடுவில் உள்ள சி அதுதான். இந்த இடம் ஆர்.பி.ஓ.பி. என்ற ஜீனுக்குள் வருகிறது. ரிபாம்பிசின் மாத்திரை இந்த ஜீன் தயாரிக்கும் புரோட்டீனில் ஒட்டித்தான் கிருமியை முடக்குகிறது. அந்த சி, டி ஆக மாறிவிட்டால் புரோட்டீனில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறும். மாத்திரை சரியாக ஒட்டாது. நோயாளி தவறாமல் விழுங்கினாலும் ரிபாம்பிசின் பலிக்காது. டாக்டர் வேறு மருந்துகளுக்குப் போக வேண்டும். 44 லட்சத்தில் ஓர் எழுத்து! புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

நீங்கள் இறக்கிய பைல் ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படும் ரகத்தினுடையது. அதனால்தான் உங்கள் திரையில் அங்கே சி தெரிகிறது.