ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு மீனும் இறைச்சியும்



தாய்ப்பால் அல்லாஹ் குழந்தைக்கென்றே அமைத்த உணவு. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு துளி தண்ணீரும் வேண்டாம் என்பதை இன்று நம் பெண்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். 2001 ஆம் ஆண்டு உலக சுகாதார சபை எல்லா நாடுகளுக்கும் இதையே அறிவுறுத்தியது. ஆனால் ஆறு மாதம் நிறைந்த பின் என்ன கொடுப்பது என்பதில்தான் வீடுகளில் தடுமாற்றம் ஏற்படுகிறது.

கொட்டியாரக் குடாவில் பிடிபடும் மீன் காலையிலேயே கரைக்கு வந்துவிடுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் மீன் ஆணம் இல்லாத பகல் சோறு அரிது. அப்படியிருந்தும், அதே வீட்டில் எட்டு மாதப் பிள்ளையின் கோப்பையில் இருப்பது அரிசிக் கஞ்சியும் தேநீரில் நனைத்த பிஸ்கட்டும்தான். "பல் முளைக்கட்டும்" என்பார் உம்மும்மா. "மீன் கொடுத்தால் கரப்பன் வரும், இறைச்சி கொடுத்தால் மாந்தம் வரும்" என்பார் பக்கத்து வீட்டு ராத்தா. "இரண்டு வயது வரை பால் கொடுக்கத்தானே மார்க்கம் சொல்கிறது? அதற்குள் மச்ச மாமிசம் கொடுக்கலாமா?" என்று எம்மிடம் கேட்ட தாய்மாரும் உண்டு. இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்பகரா அத்தியாயத்தின் 233 ஆவது வசனம், பாலூட்டலை முழுமைப்படுத்த விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை எல்லையாகக் கூறுகிறது. அது பாலின் தவணையைப் பற்றிய பேச்சு. அந்தக் காலத்தில் வேறு உணவு கொடுக்கக் கூடாது என்று அங்கே இல்லை. வேறு உணவைத் தொடங்குவது பால் மறக்கடிப்பதும் அல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கடலின் உணவு நமக்கு ஆகுமாக்கப்பட்டதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96 ஆவது வசனம் கூறுகிறது. முறைப்படி அறுக்கப்பட்ட ஆடு, மாடு, கோழியின் இறைச்சியும் அவ்வாறே. பெரியவருக்கு ஹலாலானது பிள்ளைக்கும் ஹலால்தான். எனவே எப்போது, எவ்வளவு, எப்படி என்பதே மிஞ்சியுள்ள கேள்வி. அதற்கு வைத்திய அறிவு தெளிவான பதில் தருகிறது.

ஏன் தாமதிக்கக் கூடாது?

பிள்ளை பிறக்கும்போது தாயின் உடலிலிருந்து இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடலில் சேரக்கூடியது. ஆனால் அதன் அளவு மிகச் சிறிது, ஒரு லீட்டரில் அரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஏழாம் மாதத்திலிருந்து பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 10 மில்லிகிராம். இந்த இடைவெளியை அரிசிக் கஞ்சியால் அடைக்க முடியாது.

இரும்பு குறைந்தால் இரத்தசோகை வரும். பிள்ளை வெளிறி, சோர்ந்து, உணவை வெறுக்கும். அதைவிடக் கவலைக்குரியது, மூளை வேகமாக வளரும் பருவம் இது என்பதுதான். இப்போது ஏற்படும் குறையைப் பின்னால் முழுமையாக ஈடுசெய்வது கடினம்.

கீரையிலும் பருப்பிலும் இரும்பு உண்டு. ஆனால் அதில் சிறு பங்கே உடலில் சேரும். இறைச்சி, மீனில் உள்ள ஒருவகை இரும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடும். அத்துடன் ஒரே கோப்பையில் சேர்த்துக் கொடுத்தால், கீரை பருப்பின் இரும்பையும் உடல் அதிகமாக எடுத்துக்கொள்ள அது உதவும். தேநீர் இதற்கு நேர்மாறு. உணவின் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரும்பில் மாட்டிறைச்சியும் ஈரலும் மீனை முந்துகின்றன. மீன் தருவது நல்ல புரதமும் அயடினும். சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள மீன்களில் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. ஆகவே இரண்டும் வேண்டும். 2023 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு மீன், இறைச்சி, முட்டை போன்றவை தினமும் கிடைக்க வேண்டும் என்கிறது.

கரப்பன் பற்றிய அச்சம்

இந்த அச்சம் மூத்தோருக்கு மட்டும் உரியதல்ல. ஒருகாலத்தில் வைத்தியர்களும் இப்படி எண்ணினர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமைக்கு இடமுள்ள பிள்ளைகளுக்கு மீனை மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்னது. 2008 இல் அதே கழகம், அவ்வாறு தாமதிப்பது ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அறிவித்தது. பல் முளைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மென்மையாக மசித்த உணவைப் பிள்ளையின் ஈறே மென்றுவிடும்.

எனினும் கவனம் வேண்டும். ஒரு புதிய மீனைக் காலையிலோ பகலிலோ சிறிது கொடுத்து, இரண்டு மூன்று நாட்கள் பார்த்த பின்பே அடுத்ததைத் தொடங்குங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். ஏற்கனவே கடுமையான தோல் கரப்பன் உள்ள பிள்ளையாயின் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

சில வேளை மீன் பழுதானதாலும் உடல் தடித்துச் சிவக்கும். சூரை, கும்பளா போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஒரு நச்சு உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. எனவே பிள்ளைக்கு அன்று பிடித்த மீனே வேண்டும்.

தண்ணீரையல்ல, சதையைக் கொடுங்கள்

இறைச்சியை அவித்து அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குப் பருக்கிவிட்டு, இறைச்சியைப் பெரியவர்கள் உண்பது பல வீடுகளில் வழக்கம். சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது என்பது எண்ணம். உண்மையில் புரதமும் இரும்பும் பெரும்பாலும் சதையிலேயே இருக்கின்றன. எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளையின் இரைப்பை கொள்வது ஏறத்தாழ 200 மில்லிலீட்டர்தான். அதைத் தண்ணீரால் நிரப்பினால் உணவுக்கு இடமேது? நோன்புக் கஞ்சியை ஊட்டும்போதும் இதே கதை. கஞ்சி பிள்ளைக்கு, இறைச்சித் துண்டு நமக்கு.

செய்முறை எளிது. பாரை, விளைமீன், கொடுவா போன்ற முள் குறைந்த மீனின் ஒரு துண்டைப் பாலாணத்தில் அவித்து, உப்பும் தூளும் போடுமுன் எடுத்துவிடுங்கள். சுத்தமான விரல்களால் தட்டில் தேய்த்துப் பாருங்கள். முள் விரலில் தட்டுப்படும். குழைந்த சோற்றுடன் பிசைந்து, கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் ஊட்டுங்கள். இறைச்சியாயின் நன்றாக அவித்து, அரைத்து அல்லது அம்மியில் நசுக்கிச் சேர்க்கலாம். ஈரல் வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவு போதும். உப்புக்கண்டமும் கருவாடும் உப்பு மிகுந்தவை. ஒரு வயதுக்குள் வேண்டாம். சுறாவும் வாள் போன்ற மூக்குள்ள பெரிய ஆழ்கடல் மீன்களும் பாதரசம் சேர்ந்தவை, அவற்றையும் தவிருங்கள்.

முதலில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி உணவு. அதில் ஒரு தேக்கரண்டி மீன் இருந்தால் நல்ல தொடக்கம். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் தொடரட்டும்.

வாப்பாமாருக்கு ஒரு சொல்

மேலே சொன்ன 233 ஆவது வசனம் தாய்க்கு மட்டும் உரியதல்ல. தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. பால் மறக்கடிப்பதானால் இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்துச் செய்யட்டும் என்கிறது. பிள்ளையின் உணவு இருவரும் பேசி முடிவெடுக்கும் காரியம் என்பது இதன் படிப்பினை. சந்தைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள்தான். விலை கூடிய அறக்குளா வாங்க வசதியில்லையென்று வெறுங்கையுடன் திரும்ப வேண்டாம். ஒரு கூறு சூடையில் இரண்டு மீனின் சதையே பிள்ளைக்குப் போதும். 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போனதை மறக்க மாட்டோம். அத்தகைய நாட்களிலும் வீட்டுக்கு வரும் ஒரே துண்டில் முதல் பங்கு பிள்ளைக்கு என்று முடிவு செய்யலாம். மீன் இல்லாத நாளில் ஒரு முட்டையாவது கொடுக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். நிறைக் கோடு மேலே ஏறாவிட்டால், என்ன ஊட்டுகிறீர்கள் என்பதை மிட்வைஃபிடம் ஒளிக்காமல் கூறுங்கள். முடிந்தால் உம்மும்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கரப்பனும் மாந்தமும் பற்றிய அவரது கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

கடலை நமக்கு வசப்படுத்தித் தந்த அல்லாஹ், அதன் நன்மையை நம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் எட்டச் செய்வானாக. ஆமீன்.