பழைய மனையும் புதிய முகப்பும்

ஒருவர் தம் பொருள் கொடுத்து வாங்கிய வீட்டைத் தாம் விரும்பியவாறு மாற்றியமைத்தல் அவருடைய உரிமையென்றே பெரும்பாலார் கருதுவர். அவ்வுரிமைக்கு எல்லை வகுத்த சட்டங்களுள் நியூயோர்க் மாநகரின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடத்தக்கது. பென்சில்வேனியாப் புகையிரத நிலையமென்னும் மாபெருங் கட்டடம் 1963இல் இடிக்கப்படத் தொடங்கியபோது எழுந்த மனக்கொதிப்பு அச்சட்டத்துக்குப் பெருந்துணை புரிந்தது.

சட்டத்தின்படி அமைந்த ஆணைக்குழுவில் 11 உறுப்பினர் உளர். கட்டடக் கலைஞர், வரலாற்றாசிரியர் ஆகியோருடன் வீடு நிலம் விற்கும் தொழில் அறிந்த ஒருவரும் அதில் இடம்பெறல் வேண்டும்; சட்டஞ் செய்தோர் உலகியல் உணர்ந்தவர் போலும்! முப்பது ஆண்டேனும் நிலைபெற்று, வரலாற்றாலோ அழகாலோ சிறப்புற்ற கட்டடத்தை அக்குழு பாதுகாப்புக்குரியதெனச் சாற்றலாம். தனி மனையையன்றி ஒரு பகுதி முழுவதையும் அவ்வாறு சாற்றுதலும் உண்டு. அதன்பின் மனைக்குரியவர் வெளிப்புறத்தில் மாற்றஞ் செய்ய விரும்பின் முன்னரே இசைவு பெறல் வேண்டும். சிறு பழுது பார்த்தலுக்கு அது வேண்டியதில்லை. மாற்றமே கூடாதென்று சட்டம் விலக்கவில்லை. கருதிய மாற்றம் பொருத்தமானதா என்றே வினாவுகின்றது. பொருத்தம் என்பது யாது என்பதை ஒரு வீட்டின் வரலாறு கொண்டு அறியலாம்.

கிறினிச் வில்லேஜ் 1969இல் பாதுகாப்புக்குரிய பகுதியாயிற்று. அங்கே மேற்கு 11ஆம் தெருவில், 1840களில் எழுந்த செங்கல் வீடுகளின் வரிசையொன்று உளது. 1970 மார்ச் 6ஆம் நாள், அவற்றுள் 18ஆம் இலக்க வீட்டின் நிலவறையில் வெதர்மென் என்னும் தீவிரக் குழுவினர் செய்துகொண்டிருந்த வெடிகுண்டு வெடித்தது. அவர்களுள் மூவர் மாண்டனர், வீடும் அழிந்தது. அவ்வெற்றிடத்தில் வீடு கட்ட முன்வந்த ஹியூ ஹார்டி என்னும் கட்டடக் கலைஞர், புதுமையானதொரு வரைபடத்தை ஆணைக்குழுவின் முன் வைத்தார். உயரமும் செங்கல்லும் கூரை விளிம்பும் அயல் மனைகளோடு ஒத்தன. அவ்விளிம்பின் கீழே முகப்புச் சுவரோ தெருவுக்கு நேராக நில்லாது, கோணமாகத் திரும்பித் துருத்தி நின்றது.

பழைய முகப்பையே மீண்டும் எழுப்புதல் வேண்டுமென்ற கட்சியை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. வரிசை மனைகளில் ஒவ்வொன்றும் அடுத்ததனால் அழகு பெறுவது. ஒன்று பிறழின் மற்றவையும் குன்றும். ஆயின், அழிந்த வீட்டைப் போன்ற பிறிதொன்றை நிறுத்தி, அதனையே பழைய வீடெனக் காண்போர் நம்பவிடுதல் வரலாற்றைப் பேணுதல் ஆகுமா? அங்கு நிகழ்ந்த வெடிப்பும் அத்தெருவின் வரலாறே அன்றோ? கடும் வாதத்தின் பின் 1971இல் ஆணைக்குழு ஹார்டிக்கு இசைவளித்தது. வரிசையை வரிசையாக்கும் உயரம், செங்கல், விளிம்புக்கோடு என்பவற்றைக் காத்தால், எஞ்சியதிற் கலைஞன் தன் காலத்தைக் காட்டலாம் என்பதே அம்முடிபின் உட்பொருளெனக் கொள்ளலாம்.

இசைவு கிடைத்தும் பணி உடனே தொடங்கவில்லை. மனையிடம் கைமாறி, 1978இலேயே வீடு எழுந்தது. அவ்வாண்டிலேதான், அதே சட்டத்தின்கீழ் கிறாண்ட் சென்றல் புகையிரத நிலையத்தின்மேல் பெருங் கோபுரங் கட்ட இசைவு மறுக்கப்பட்ட வழக்கில், அம்மறுப்பு உடைமையைப் பறித்ததாகாது என அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.